டெட்ரோயிட் ஆற்றில் ஏப்ரல் மாதப் பிக்கரல்: முதல் முறை போகிறவர்களுக்கு

ஒன்ராறியோவில் பனி கரைந்ததும் தூண்டில் பெட்டியைத் தூசு தட்டுகிறவர்கள் பலர் மே மாதம்வரை பொறுத்திருப்பார்கள். மாகாணத்தின் பெரும்பாலான ஏரிகளில் பிக்கரல் பிடிக்க அதுவரை தடை. டெட்ரோயிட் ஆற்றில் அந்தத் தடை கிடையாது, ஆண்டு முழுவதும் பிடிக்கலாம். ஏப்ரல் மாதம் அதில் உச்சக் காலம். ஈரி ஏரியில் குளிர்காலத்தைக் கழித்த மீன்கள் முட்டையிடுவதற்காகக் கூட்டம் கூட்டமாக ஆற்றுக்குள் ஏறும். ரொறொன்ரோவிலிருந்து 401 நெடுஞ்சாலையில் நான்கு மணி நேரம் ஓடினால் ஆற்றங்கரை நகரான வின்சர். விடியப்புறம் மூன்று மணிக்கு ஸ்காபரோவில் வாகனத்தை எடுத்தால் காலை எட்டு மணிக்குள் தூண்டிலைத் தண்ணீரில் இறக்கிவிடலாம்.

தமிழ்க் கடைகளில் பிக்கரல் என்று விற்கிறார்களே, அதே மீன்தான். ஆற்றின் அமெரிக்கக் கரையில் வோல்-ஐ என்பார்கள். கண் பெரிதாக, வெளிச்சம் பட்டால் பூனைக் கண்ணாக மினுங்கும். மங்கலான வெளிச்சத்திலும் கலங்கல் நீரிலும் நன்றாகப் பார்க்கிற மீன் இது. சதை வெள்ளை, முள் குறைவு, வாடையும் இல்லை. இத்தனை தூரம் ஓடிப்போவதற்கு அந்தச் சதையே போதுமான காரணம்.

ஆற்றைப் பற்றிக் கொஞ்சம்

நம்மில் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்களுக்கு ஆறு என்பதே புதிது. மாரிக்கு மட்டும் ஓடும் வழுக்கையாற்றைத் தவிர அங்கே என்ன இருந்தது? டெட்ரோயிட் ஆறு வேறு சாதி. சென் கிளேயர் ஏரியின் நீரை ஈரி ஏரிக்குக் கொண்டுபோகிற, ஏறக்குறைய 50 கிலோமீற்றர் நீளமான வாய்க்கால் அது. விநாடிக்குச் சுமார் 5,000 கனமீற்றர் தண்ணீர் ஓடும். நடு ஆற்றில் கனடா, அமெரிக்க எல்லைக்கோடு போகிறது. மூன்று கால்பந்து மைதானங்களின் நீளமுள்ள சரக்குக் கப்பல்கள் ஏறி இறங்குகின்றன. முதல் முறை கரையில் நின்று பார்ப்பவர் இதைக் கடலின் ஓர் ஒடுங்கிய துண்டு என்றுதான் நினைப்பார்.

அவ்வளவு தண்ணீரில் மீனை எங்கே தேடுவது என்று மலைக்க வேண்டியதில்லை. பிக்கரல் முட்டையிடுவது பருக்கைக்கல்லும் பாறையும் உள்ள அடியில். ஓட்டத்தோடு மல்லுக்கட்டாமல் நிற்க ஏற்ற இடமும் அடிதான். ஆகவே ஏப்ரலில் மீன் தரையோடு ஒட்டி நிற்கும், பெரும்பாலும் நான்கு முதல் எட்டு மீற்றர் ஆழத்தில். உங்கள் தூண்டிலும் தரையோடு ஒட்டி நிற்க வேண்டும். அரை மீற்றர் மேலே மிதந்தால்கூட நாள் முழுக்கச் சும்மா இருந்துவிட்டு வரலாம். இந்த ஆற்றில் புதியவர் கற்க வேண்டியது இது ஒன்றுதான்: ஈயம் அடியில் தட்ட வேண்டும், நூல் செங்குத்தாக நிற்க வேண்டும். எந்த எடை, எந்தத் தடி, எப்படிப் படகை ஓட்டுவது என்கிற கேள்விகள் எல்லாவற்றுக்கும் பதில் இதிலிருந்துதான் வரும். கலர் கலராகத் தூண்டில் வாங்கிக் குவிப்பவர்கள் இதைக் கடைசியாகத்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

எந்த நாளில் போவது

பங்குனி கடைசியில் ஹூரன் ஏரியிலிருந்தும் சென் கிளேயர் ஏரியிலிருந்தும் உடைந்த பனிப்பாளங்கள் மிதந்து வரும். அது முடியும்வரை படகு இறக்குவது விசர் வேலை. நீரின் வெப்பநிலை 5 பாகை செல்சியஸைத் தாண்டும்போது மீன் கடிக்கத் தொடங்கும். 6 முதல் 10 பாகைவரை முட்டையிடும் காலம். சாதாரண ஆண்டுகளில் இது ஏப்ரல் முதல் வாரத்திலிருந்து மாதக் கடைசிவரை. ஆண் மீன்கள் முதலில் வந்து கடைசிவரை நிற்கும். பெண் மீன்கள் பெரியவை, வந்து முட்டையிட்டுவிட்டு ஏரிக்குத் திரும்பிவிடும். மே பிறந்தால் வெள்ளை பாஸ் என்கிற சின்ன மீன் பெருங்கூட்டமாக ஏறும். அதற்கென்றே தனிக் கூட்டம் ஒன்று கரையில் காத்திருக்கும்.

நாட்காட்டியைவிடக் காற்றைக் கவனிக்க வேண்டும். சென் கிளேயர் ஏரி ஆழமில்லாதது, சராசரி ஆழம் மூன்று மீற்றரும் சொச்சமும்தான். கொண்டலோ வாடையோ ஒரு நாள் பலமாக அடித்தால் ஏரியின் அடிச்சேறு கிளம்பி ஆற்றில் இறங்கும். தண்ணீர் பால் தேநீரின் நிறத்துக்கு வந்துவிடும். தூண்டிலை ஓர் அடி ஆழத்துக்கு இறக்கிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிந்தால் பிடிக்கலாம். அரை அடியில் மறைந்தால் கடி குறையும். ஒரு கரையில் சேறு ஓடும்போது மற்றக் கரைப் பக்கம் தெளிவாக இருப்பதுண்டு, கொஞ்சம் இடம் மாற்றிப் பார்க்கலாம். ஆனால் வானிலை அறிக்கை இரண்டு நாள் கொண்டல் என்று சொன்னால் நான் ஸ்காபரோவை விட்டுக் கிளம்புவதில்லை. பெற்றோலுக்கும் காசு வேண்டுமே.

சனி ஞாயிறுகளில் ஆறு நிறையப் படகு. வேலைநாள் ஒன்றில் லீவு எடுக்க முடிந்தால் அதுவே நல்லது.

கடுதாசி வேலைகள்

18 முதல் 64 வயதுவரையான ஒன்ராறியோ வாசிகளுக்கு அவுட்டோர்ஸ் அட்டையும் மீன்பிடி அனுமதியும் வேண்டும். அனுமதியில் இரண்டு வகை. முழு அனுமதியில் இந்த ஆற்றில் நாளுக்கு ஆறு பிக்கரல் வைத்திருக்கலாம். மலிவான பாதுகாப்பு (Conservation) அனுமதியில் இரண்டு. ஆண்டுக்கு ஒன்றிரண்டு தடவை போகிறவருக்கு இரண்டாவதே தாராளம். 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் 65 தாண்டியவர்களுக்கும் அனுமதி வாங்கத் தேவையில்லை, வயதைக் காட்டும் அடையாள அட்டை கையில் இருந்தால் போதும். டெட்ரோயிட் ஆறு மீன்பிடி வலயம் 19 இல் வருகிறது. மாகாண அரசு ஆண்டுதோறும் வெளியிடும் விதித் தொகுப்பில் அந்த வலயத்தின் பக்கத்தைப் போகுமுன் ஒருமுறை வாசித்துவிடுங்கள், எண்ணிக்கைகள் மாறுவதுண்டு. அன்னையர் தின வார இறுதியில் கனடாவில் வசிப்பவர்கள் அனுமதி இல்லாமலே பிடிக்கலாம். அன்றைக்கு வைத்திருக்கக்கூடிய எண்ணிக்கை பாதுகாப்பு அனுமதிக்கு உரியதுதான்.

படகில் போகிறவர்கள் மறக்கக்கூடாத ஒன்று உண்டு. எல்லைக்கோட்டைத் தாண்டி அமெரிக்க நீரில் தூண்டில் போட்டால் மிச்சிகன் மாநில அனுமதி தனியாக வேண்டும். தண்ணீரில் கோடு கீறி வைக்கவில்லை, நீரோட்டமோ உங்கள் படகை இழுத்துக்கொண்டே இருக்கும். கைத்தொலைபேசியில் எல்லையைக் காட்டும் வரைபடத்தைத் திறந்து வைத்திருங்கள். ஃபைட்டிங் தீவு கனடாப் பக்கம். பெல் ஐலும் குரோஸ் ஈலும் அமெரிக்காவுக்குச் சொந்தம். குரோஸ் ஈலுக்கு மேற்கே ஓடும் ட்ரென்ரன் வாய்க்கால் முழுவதும் மிச்சிகன் நீர். அங்கே மீன் நிறைய என்று கேள்விப்பட்டு உள்ளே போய்விடாதீர்கள்.

என்ன வாங்குவது

தடி: ஆறு முதல் ஆறரை அடி, நடுத்தர பலம், நுனி விறைப்பானது. நுனி துவண்டு வளையும் தடி வேண்டாம், அது அடியில் தட்டுவதைக் கைக்குச் சொல்லாது. ரீல் சின்ன ஸ்பின்னிங் ரீல் ஏதாவது. அதில் 10 இறாத்தல் தாங்கும் பின்னல் நூல் சுற்றுங்கள். சாதாரணத் தங்கூசி இழுபடும், பின்னல் நூல் இழுபடாது. எட்டு மீற்றர் கீழே ஒரு கூழாங்கல்லில் ஈயம் உரசினால்கூட விரலுக்குத் தெரிய வேண்டும் என்றால் பின்னல் நூல்தான். அதன் நுனியில் இரண்டடி நீளத்துக்கு 10 அல்லது 12 இறாத்தல் ஃபுளோரோகார்பன் தங்கூசியை முடிந்துவிடுங்கள். கல்லில் உரசி அறுவது அதனால் குறையும்.

தூண்டில் என்று நான் சொல்வது ஜிக். உருண்டையான ஈயத் தலையோடு சேர்த்து வார்த்த ஒற்றை முள். 18 கிராம் எடையுள்ளதைப் பெரும்பகுதியாக வாங்குங்கள், காற்று நாளுக்காக 21 கிராமிலும் 28 கிராமிலும் சில. பத்துக் கிராம் ஜிக்குகள் கடையில் அழகாகத் தொங்கும். அவை ஏரிக்கு உரியவை, இந்த ஓட்டத்தில் அடியைத் தொடாது. அந்த முள்ளில் நான்கைந்து அங்குல நீளமான பிளாஸ்ரிக் புழு ஒன்றைக் குத்தி, மூன்று கொக்கியுள்ள சின்னப் பின்முள் ஒன்றைத் தங்கூசித் துண்டில் கட்டிப் புழுவின் வால் பக்கம் மாட்டிவிட வேண்டும். குளிர்ந்த நீரில் மீன் முழுவதையும் விழுங்காமல் வாலை மட்டும் கவ்வும். பின்முள் இல்லாமல் போனால் பாதி மீன் தப்பிவிடும். நிறத்தைப் பற்றி அதிகம் யோசிக்காதீர்கள். கலங்கலில் பளிச்சென்ற மஞ்சள்பச்சை அல்லது செம்மஞ்சள், தெளிவில் ஊதா அல்லது மண்ணிறம். போதும்.

சின்ன உயிர்மீனை இரையாகக் குத்துகிறவர்களும் உண்டு. ஒன்ராறியோவில் அதற்கு விதி அதிகம். மாகாணத்தைச் சில இரை வலயங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு வலயத்து இரையை இன்னொன்றுக்குக் கொண்டுபோகக் கூடாது, தான் வசிக்கும் வலயத்துக்கு வெளியே பிடிப்பவர் அங்கேயே வாங்கி, ரசீதைக் கையில் வைத்து, இரண்டு கிழமைக்குள் பயன்படுத்த வேண்டும், மிஞ்சியதைத் தண்ணீரில் கொட்டக் கூடாது. புதிதாகத் தொடங்குகிறவருக்கு இந்தத் தலையிடி எதற்கு? பிளாஸ்ரிக் புழுவோடு தொடங்குங்கள்.

நீண்ட பிடியுள்ள வலை ஒன்று, நீண்ட மூக்குக் குறடு ஒன்று. கையுறை பற்றிக் கீழே.

படகில்

முதல் முறைக்கே படகு வாங்க வேண்டாம். வின்சர், லாசால், ஆம்ஹர்ஸ்ற்பேர்க் பக்கங்களில் ஏப்ரல் மாதம் வாடகைக்கு அழைத்துப் போகும் வழிகாட்டிகள் இருக்கிறார்கள். நாலு பேர் சேர்ந்தால் செலவு தாங்கும். ஒரு நாள் அவர் படகைக் கையாளும் விதத்தைப் பார்ப்பதில் கிடைக்கும் படிப்பு, பத்துக் காணொளி பார்த்தாலும் கிடைக்காது. மீன் பிடிப்பதைவிட அவர் கால் அந்த மின்மோட்டார் மிதியில் என்ன செய்கிறது என்பதைக் கவனித்துக்கொண்டிருங்கள்.

சொந்தப் படகில் அல்லது நண்பரின் படகில் போகிறீர்கள் என்றால் முறை இதுதான். நங்கூரம் போடுவதில்லை. பிடிக்க நினைக்கும் பகுதியின் மேல்முனைக்குப் பெரிய இயந்திரத்தில் போய், அதை நிறுத்திவிட்டு, நீரோட்டத்தோடு படகை மிதந்து இறங்க விட வேண்டும். அணியத்தில் பூட்டிய மின்மோட்டார் சின்னச் சின்னத் திருத்தங்களுக்கு. காற்று இல்லாத நாளில் படகும் நீரும் ஒரே வேகத்தில் போகும், நூல் தானாகவே செங்குத்தாக நிற்கும். காற்று வந்துவிட்டால்தான் வேலை. காற்று படகைத் தள்ளும், தண்ணீருக்குள் இருக்கும் நூலைத் தள்ளாது. இரண்டும் பிரிந்து நூல் சரியத் தொடங்கும். சரிந்த நூலில் ஈயம் அடியை விட்டு எழும்பிவிடும்.

இதற்கு ஒரே விதி: நூல் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் படகைத் தள்ளுங்கள். நூல் மேலாற்றுப் பக்கம் சாய்ந்தால் காற்று உங்களை நீரைவிட வேகமாகக் கீழே கொண்டுபோகிறது. மோட்டாரை மேலாற்றுப் பக்கம் திருப்பிக் கொஞ்சம் பிடியுங்கள். கீழாற்றுப் பக்கம் சாய்ந்தால் காற்று எதிரே நின்று படகைத் தடுக்கிறது, கீழ்ப்பக்கம் தள்ளுங்கள். சோழகம் அடிக்கிற நாட்களில் ஆற்றின் தெற்கு நோக்கி ஓடும் பகுதியில் இதைத்தான் நாள் முழுக்கச் செய்துகொண்டிருப்பீர்கள். எவ்வளவு தள்ளியும் நூல் நேராகவில்லை என்றால் எடையைக் கூட்டுங்கள். 28 கிராமும் போதவில்லை என்றால் அன்றைக்குக் கரைக்குப் போய்விடுவது புத்தி.

இனி கை வேலை. ரீலின் வளையத்தைத் திறந்து ஜிக்கை நேரே கீழே விடுங்கள். நூல் ஓடும், ஓடும், சட்டென்று தளரும். அதுதான் அடி. வளையத்தை மூடி, தளர்ந்த நூலைச் சுற்றி எடுங்கள். இப்போது தடியின் நுனி தண்ணீருக்கு ஓர் அடி மேலே இருக்கட்டும். மணிக்கட்டால் அரைச் சாண், மிஞ்சினால் ஒரு சாண் தூக்குங்கள். பிறகு இறக்குங்கள், விழ விடாதீர்கள். வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. தடியைச் சட்டென்று தாழ்த்திவிட்டால் நூல் தொய்ந்து ஈயம் தானாக விழும். அந்த அரை விநாடியில் மீன் கவ்வித் துப்பிவிட்டுப் போனாலும் உங்களுக்குத் தெரியாது. ஈயத்தின் பாரம் கையில் இருக்கும்படியே தடியைத் தாழ்த்த வேண்டும். தரை தட்டும் அந்த மெல்லிய 'டக்' விரலுக்கு வரும். தூக்கு, இறக்கு, டக். தூக்கு, இறக்கு, டக். நாலைந்து தடவைக்கு ஒருமுறை அடியிலிருந்து ஓர் அங்குலம் மேலே சும்மா பிடித்து நில்லுங்கள். ஆழம் மாறிக்கொண்டே இருக்கும். 'டக்' வராவிட்டால் உடனே நூலைக் கொஞ்சம் விட வேண்டும்.

கடி பெரும்பாலும் இறங்கும்போது வரும். வெடுக்கென்ற இழுவையை எதிர்பார்க்காதீர்கள், குளிர்ந்த நீரில் அது அபூர்வம். சில நேரம் 'டக்' வரவேண்டிய இடத்தில் வராது, ஈயம் நடுவழியில் எதிலோ தங்கியிருக்கும். சில நேரம் அடுத்த முறை தூக்கும்போது நூலில் ஈரத்துணி ஒன்று தொங்குகிற பாரம் தெரியும். வழக்கத்துக்கு மாறாக ஏதாவது தெரிந்தால் யோசிக்காமல் மணிக்கட்டால் மேலே வெட்டுங்கள். கல்லாக இருந்தால் நட்டம் ஒன்றுமில்லை. மீனாக இருந்தால் தலையை ஆட்டுவது தடியில் தெரியும். பிறகு அவசரப்படாமல், நூலைத் தொய்ய விடாமல் சுற்றுங்கள். வலையைத் தலைப்பக்கமாகத் தண்ணீருக்குள் வைத்து மீனை அதற்குள் கொண்டுவாருங்கள். வலையால் மீனைத் துரத்தக் கூடாது.

ஒரு மீன் கிடைத்த இடத்தை வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கூட்டமாக நிற்கும் மீன் இது. மறுபடி மேலே போய் அதே கோட்டில் மிதந்து வாருங்கள். மேலே போகும்போது மிதந்து வருகிற படகுகளின் நடுவால் இரைந்துகொண்டு ஓடாமல் ஒதுங்கிப் போவது இங்கத்தைய மரியாதை.

மாலையானால் சில படகுகள் ஓட்டத்துக்கு எதிராக மெதுவாக ஏறுவதையும், அதிலுள்ளவர்கள் தடி இல்லாமல் கையில் கம்பி ஒன்றைப் பிடித்து அசைத்துக்கொண்டிருப்பதையும் காண்பீர்கள். இந்த ஆற்றுக்கும் சென் கிளேயர் ஆற்றுக்கும் உரிய பழைய முறை அது. படகின் ஓரத்தில் சுருள்வில் பூட்டிய கம்பிச் சுருள், நுனியில் ஓர் இறாத்தலுக்குக் குறையாத ஈயம், அதன் பின்னால் மிதக்கும் மரமீன்கள். அங்கேயும் அடியைத் தட்டுவதுதான் கணக்கு. பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் அது பழக நாள் எடுக்கும், இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

கப்பல்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சுப்பீரியர் ஏரியின் வாசலான சூ மதகுகள் மார்ச் 25 அளவில் திறக்கும். அதிலிருந்து இரும்புத்தாது, நிலக்கரி, தானியம் என்று ஏற்றிக்கொண்டு இராப்பகலாகக் கப்பல் வரும். முந்நூறு மீற்றர் நீளமான கப்பலால் உங்களுக்காகத் திரும்பவும் முடியாது, நிற்கவும் முடியாது. மீன்மேல் கண்ணை வைத்துக்கொண்டு கப்பல் பாதையில் மிதந்து போகிறவர்கள் உண்டு. ஐந்து குறுகிய ஊதல் கேட்டால் அது ஆபத்து எச்சரிக்கை. அப்போது நூலை அறுத்துவிட்டாவது விலகுங்கள். ஒவ்வொரு சில நிமிடத்துக்கும் முன்னும் பின்னும் திரும்பிப் பார்க்கிற வேலையை ஒருவரிடம் ஒப்படைப்பது நல்லது.

கரையிலிருந்து

படகு இல்லாதவர்களுக்கு வின்சர் நகரின் ஆற்றங்கரைப் பூங்காக்கள் இருக்கின்றன. வண்டியை நிறுத்தி நடந்துபோய்க் கைப்பிடிக் கம்பியோரம் நிற்கலாம். எதிரே டெட்ரோயிட்டின் கட்டடங்கள் தெரியும், அதுவும் வடக்குப் பக்கத்தில். கனடாவில் நின்று வடக்கே அமெரிக்காவைப் பார்க்கும் இடங்கள் அதிகமில்லை.

பகலில் மீன் ஆழத்தில் நிற்கும், எறிந்து எட்டாது. பொழுதுபட்ட பிறகு இரை தேடிக் கரையோரம் வரும். ஆகவே கரைப் பிடிப்பு இரவு வேலை. 14 அல்லது 18 கிராம் ஜிக்கை மேலாற்றுப் பக்கம் சரிவாக எறிந்து, அடியில் தட்டியதும், ஓட்டம் அதை உருட்டிக் கீழே கொண்டுவரும்போது நூலை இறுக்கமாக வைத்து இடையிடையே தூக்கிக் கொடுக்க வேண்டும். கல்லில் மாட்டி நிறைய அறுந்துபோகும். அதற்கென்று மலிவான ஜிக்குகளாகக் கொண்டுபோங்கள். சுவர் தண்ணீர் மட்டத்திலிருந்து உயரம், ஆகையால் வலையின் பிடி நீளமாக இருக்க வேண்டும். தூண்டில் நூலில் மீனைத் தூக்கப் பார்த்தால் பாதி வழியில் விழுந்துவிடும்.

மண்புழுவைக் குத்தி அடியில் போட்டால் கோபி என்கிற தலை பருத்த சின்ன மீன் ஓயாமல் கொத்தும். 1990 இல் சென் கிளேயர் ஆற்றில் முதலில் தென்பட்ட அந்நிய இனம், கப்பல்களின் அடித்தண்ணீரோடு வந்து சேர்ந்தது. அதை உயிரோடு வைத்திருப்பது ஒன்ராறியோவில் சட்டவிரோதம். உயிரோடு தண்ணீரில் திருப்பி விடாதீர்கள், கொன்று குப்பையில் போடுங்கள்.

குளிர்

வெயில் எறிக்கிற ஏப்ரல் நாளில் வெளியே 15 பாகை இருக்கும், தண்ணீர் 6 பாகைதான். இந்த இடைவெளி ஆட்களை ஏமாற்றும். குளிர்நீரில் விழுந்தவரின் நிலையை மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ற் 1-10-1 என்று சுருக்கியிருக்கிறார். மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு நிமிடம், அதன்பின் கைகால் சொல்வழி கேட்பது பத்து நிமிடம்தான், நினைவு தப்ப ஒரு மணி நேரம். முதல் நிமிடத்தில் மூச்சிரைத்துத் தண்ணீரைக் குடித்துத்தான் பலர் இறக்கிறார்கள். நீந்தத் தெரியும் என்பது அங்கே உதவாது. உயிர்காப்பு அங்கியை இருக்கைக்குக் கீழே வைத்திருந்தால் சட்டத்துக்குப் போதலாம், உயிருக்குப் போதாது. படகில் ஏறியதிலிருந்து இறங்கும்வரை அது உடம்பில் இருக்க வேண்டும். இயந்திரப் படகை ஓட்டுகிறவர் கனடாவில் படகோட்டும் தகுதி அட்டை வைத்திருக்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

உடுப்பு அடுக்கடுக்காக. வெளியே காற்றும் நீரும் புகாத ஒன்று. விரல் நுனி திறந்த கையுறை இரண்டு சோடி, ஒன்று நனைந்தே தீரும். சுடுநீர்ப் போத்தலில் இஞ்சித் தேநீர்.

எதை வைத்துக்கொள்வது

பிக்கரலின் வாயில் விரலை விடாதீர்கள், கூரான பல். முதுகுச் செட்டையில் முள் உண்டு, செவுள் மூடியின் விளிம்பும் வெட்டும். செவுள் மூடிக்குச் சற்றுப் பின்னால் கழுத்தை மேலிருந்து அணைத்துப் பிடித்தால் அடங்கும்.

ஏப்ரலில் கிடைப்பவற்றில் பெரும்பகுதி 40 முதல் 50 சென்ரிமீற்றர் ஆண் மீன்கள். சமையலுக்கு அவைதான் உகந்தவை. வயிறு புடைத்த 60, 70 சென்ரிமீற்றர் மீன் ஏறினால் அது சினையோடு இருக்கிற தாய், உள்ளே சில இலட்சம் முட்டை இருக்கும். படம் எடுத்துவிட்டு விட்டுவிடுங்கள். சினைப் பொரியலின் ருசி எனக்கும் தெரியும். சட்டமும் அதைத் தடுக்கவில்லை. இருந்தாலும் அந்த மீனை எடுக்க எனக்கு மனம் வராது. பெரிய மீனை விட இன்னொரு காரணமும் உண்டு, அது பாதரசம்.

1970 இல், நோர்வேயிலிருந்து வந்து ஒன்ராறியோவில் படித்துக்கொண்டிருந்த நோர்வால்ட் ஃபிம்ரைற் என்கிற ஆய்வு மாணவர் சென் கிளேயர் ஏரி மீன்களில் பாதரசம் அதிகமாக இருப்பதைக் கண்டுபிடித்தார். மேலாற்றிலுள்ள சார்னியா நகரின் இரசாயனத் தொழிற்சாலைக் கழிவிலிருந்து வந்தது அது. அந்த ஆண்டே இந்த நீர்நிலைகளில் மீன்பிடியை மூடினார்கள். பிறகு கழிவு நின்றது, அளவும் குறைந்தது, மீன்பிடியும் திறந்தது. ஆனாலும் மற்ற மீன்களைத் தின்று வளரும் மீனில், வயது கூடக் கூடப் பாதரசம் சேரத்தான் செய்யும். அது சதையில் இருப்பதால் தோலை உரித்தோ கொழுப்பை வெட்டியோ போக்க முடியாது. மாகாண அரசு 'ஒன்ராறியோ மீனை உண்பதற்கான வழிகாட்டி' என்று ஓர் அட்டவணை வைத்திருக்கிறது, இணையத்தில் இலவசம். ஆற்றின் பெயரையும் மீனின் நீளத்தையும் கொடுத்தால் மாதத்துக்கு எத்தனை வேளை சாப்பிடலாம் என்று சொல்லும். பிள்ளைகளுக்கும் பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களுக்கும் தனிக் கணக்கு உண்டு. வீட்டுக்குக் கொண்டுபோகுமுன் அதைப் பாருங்கள். ஈரல் முதலிய உள்ளுறுப்புகளை எந்த அளவு மீனிலும் எடுக்க வேண்டாம், பிசிபி போன்ற நச்சுகள் கொழுப்பில்தான் தங்கும்.

முதுகிலும் பக்கத்திலும் எலும்புத் தகடு வரிசையுள்ள, சுறாவின் வாலோடு கூடிய நீண்ட மீன் ஒன்று தற்செயலாக மாட்டலாம். அது ஸ்டர்ஜன். ஃபைட்டிங் தீவருகே 2008 இல் கல்லைக் கொட்டித் திட்டு ஒன்று கட்டினார்கள், அடுத்த ஆண்டே ஸ்டர்ஜன் அங்கே வந்து முட்டையிட்டது. அதைத் தண்ணீருக்கு வெளியே எடுக்காமலே முள்ளைக் கழற்றிவிடுங்கள், இயலாவிட்டால் நூலை வெட்டிவிடுங்கள். ஏப்ரலில் பெருவாய் பாஸ், சிறுவாய் பாஸ் மீன்களும் மஸ்கி என்கிற பெரிய வேட்டை மீனும் மாட்டினால் அவற்றையும் விட்டுவிட வேண்டும்.

வீட்டுக்குப் போகும்போது

பிடித்ததும் பனிக்கட்டிப் பெட்டியில் போடுங்கள். கயிற்றில் கோர்த்துத் தண்ணீரில் தொங்கவிடுவதைவிடச் சதை நன்றாக இருக்கும். கரையில் வைத்தே துண்டு போடுகிறீர்கள் என்றால் ஒவ்வொரு துண்டிலும் கொஞ்சம் தோலை விட்டுவையுங்கள். இன்ன மீன், இத்தனை என்று வழியில் மறிக்கும் அதிகாரி பார்த்ததும் எண்ணக்கூடியதாக இருக்க வேண்டும். எல்லாத் துண்டையும் ஒரே கட்டியாக உறைய வைத்தால் அதை எண்ண முடியாது, அதற்கே தண்டம் கட்ட வேண்டி வரலாம்.

சமையலில் ஒரு கவனம். இது பாரை, அறக்குளா மாதிரி இறுகிய சதை இல்லை, குழம்பில் கொதிக்க விட்டால் கரைந்துவிடும். துண்டுகளுக்கு உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள், கொஞ்சம் தேசிக்காய்ப்புளி தடவி, மெல்லியதாக அரிசிமா தூவி, எண்ணெய் நன்றாகக் காய்ந்த பிறகு ஒரு பக்கம் இரண்டு மூன்று நிமிடம் பொரித்தால் போதும். தலையையும் நடுமுள்ளையும் எறிய வேண்டாம். செவுளை நீக்கிக் கழுவி, பச்சைமிளகாய், வெங்காயம், வெந்தயத்தோடு அவித்து, முள் வெந்ததும் தேங்காய்ப்பால் விட்டு, முதல் கொதியில் இறக்கித் தேசிக்காய் பிழிந்தால் அன்றிரவு இடியப்பத்துக்குச் சொதி.